சிறைவாசல் வரை – 11: மாடு கலெக்டரிடம், மன்னிப்பு மாஜிஸ்டிரேட்டிடம்

குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்பெழுதாத ஒருவரை ஓராண்டு வரை உள்ளே வைக்கத் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் இருக்கிறது. குற்றம் செய்தவர்தான் என்று நீதிமன்றமே கண்ட பிறகும் அவரைக் கண்டித்து வீட்டுக்கு அனுப்ப இன்னொரு சட்டம் இருக்கிறது. முதல் சட்டத்தை மரக்காணம் கடற்கரையில் தெரியாதவர் கிடையாது: குண்டாஸ். இரண்டாவது, 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். அதன் பேரைச் சொன்னால், “ஜெயில்ல ஒழுங்கா இருந்தா முன்னாடியே விட்ருவாங்களே, அதுதானே?” என்று திருப்பிக் கேட்பார்கள். அது இல்லை.

சிறைக்குள் நடந்தவற்றை முந்தைய பகுதிகளில் பார்த்தோம். சிறைவாசல் வரை போய்த் திரும்பியிருக்க வேண்டிய வழக்குகளின் கதை இது. இதைச் சொல்ல எக்கியார்குப்பத்திலிருந்து தொடங்குவதே சரி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்து உப்பளங்களை அடுத்துக் கடலோரம் இருக்கிறது இந்த மீனவர் குப்பம். 2023 மே 13, சனிக்கிழமை. பாக்கெட்டில் வந்த சாராயத்தைக் குடித்தவர்களுக்கு வாந்தி, வயிற்றுவலி, கண் மங்கல். மரக்காணம், புதுச்சேரி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை என்று வண்டிகள் ஓடின. அதே நாள்களில் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர் பக்கத்திலும் சாவு விழுந்தது. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எக்கியார்குப்பத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். பெண்களும் அதில் உண்டு.

அது ஊறல் போட்டுக் காய்ச்சிய சாராயமே இல்லை, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அன்றைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு அறிவித்தார். உடம்புக்குள் போன மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தின்னும். முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் முண்டியம்பாக்கத்துக்கு வந்தார். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம், சிகிச்சையில் இருப்பவருக்கு ஐம்பதாயிரம் என்று அறிவிப்பு வந்தது. அதிகாரிகள் சிலர் பணியிடை நீக்கம் ஆனார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அடுத்த சில நாள்களில் மாநிலம் முழுக்க வேட்டை நடந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

அந்த நாள்களின் செய்திகளில் ஒன்றைப் பலர் சிரித்துவிட்டுக் கடந்துபோனார்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் விற்றதாகக் கைதானவர்களில் ஒருவரே அதைக் குடித்து மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். நிவாரணம் பெறுவோர் பட்டியலில் அவர் பெயரும் ஏறிவிட்டது. பிறகு நிறுத்தினார்கள். அலுவலகக் குளறுபடி என்று எல்லோரும் பேசினார்கள். எனக்கு அது குளறுபடியாகப் படவில்லை. விற்கிறவனும் குடிக்கிறவனும் ஒரே ஆளாக இருக்கும் ஒரு உலகத்தை அரசின் இரண்டு கைகள் இரண்டு பக்கம் பிடித்து இழுத்த காட்சி அது. ஒரு கை குற்றவாளி என்றது, மறு கை பாதிக்கப்பட்டவர் என்றது. இரண்டும் உண்மைதான்.

இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது என்ற கேள்வி இந்தக் கரைக்குப் புதிதல்ல. தென்னார்க்காடு, வடார்க்காடு பகுதிச் சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு வகை வழக்கு மீண்டும் மீண்டும் வருகிறது. வேட்டைக்குப் போனவன் விலங்கென்று எண்ணி எய்த அம்பு மனிதன்மேல் பாய்ந்துவிடுகிறது. அல்லது கைகலப்பில் நினைக்காமல் ஓர் உயிர் போய்விடுகிறது. நாட்டார் கூடுகிறார்கள், பட்டர்களைக் கேட்கிறார்கள். இவன் வேண்டுமென்று செய்யவில்லை, இவனைக் கொல்ல வேண்டாம், கோயிலில் நந்தாவிளக்கு எரிக்கட்டும் என்று முடிவாகிறது. ஒரு விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு 96 ஆடுகள். சாவா மூவாப் பேராடு என்று கல்லில் வெட்டிவைத்தார்கள். அரை விளக்கென்றால் 48 ஆடு. செத்தவனின் பெயரில் விளக்கு எரியும், செய்தவன் ஊரிலேயே ஆடு மேய்ப்பான் அல்லது ஆட்டுக்குப் பணம் தேடுவான்.

இதைப் பொற்காலத்துக் கருணை என்று கொண்டாட நான் தயாரில்லை. சாதி பார்த்துத் தண்டனை தந்த காலம் அது. 96 ஆடு கொடுக்கக் கதியில்லாதவன் என்ன ஆனான் என்பதைக் கல் சொல்லாது. ஆனாலும் ஒன்று தெளிவு. செய்தது செய்ததுதான் என்று ஊரறிய ஒப்புக்கொள்ள வைத்து, ஈடு கட்ட வைத்து, ஆளை ஊருக்குள்ளேயே வைத்துக்கொள்கிற வழி இங்கே ஆயிரம் ஆண்டுகளாகத் தெரிந்த வழி. சோழமண்டலக் கரையின் மீனவப் பஞ்சாயத்துகள் இன்றும் பாதி அப்படித்தான் நடக்கின்றன. வலையை அறுத்தால், கைநீட்டி அடித்தால் தெண்டம். தெண்டப் பணம் பல ஊரில் கோயில் கணக்கில் சேரும். மறுபாதி கொடுமையானது. கட்டுப்பாட்டை மீறினால் ஊர்விலக்கு, தொழிலுக்குப் போகத் தடை. பெரும்பாலான ஊர்களில் அந்தக் கூட்டத்தில் பெண்ணுக்கு இடம் கிடையாது. சென்னை உயர் நீதிமன்றம் கட்டப்பஞ்சாயத்தையும் ஊர்விலக்கையும் பலமுறை கண்டித்ததற்குக் காரணம் இருக்கிறது.

வெள்ளைக்காரர் காலத்தில் உப்பும் சாராயமும் ஒரே இலாகாவின் கீழ் வந்தன. பெயரே உப்பு – ஆப்காரி இலாகா. 1886-இல் சென்னை ஆப்காரிச் சட்டம், 1889-இல் சென்னை உப்புச் சட்டம். மரக்காணம் போன்ற அளங்களைக் காத்த சர்க்காரின் ஆள்களே கள்ளச்சாராயத்தையும் தேடினார்கள். பனையும் அளமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு கரையில், கழிமுகத்தில் தானாகப் பூத்த உப்பை மடியில் அள்ளினாலும் குற்றம், அனுமதியில்லாமல் கள் இறக்கினாலும் குற்றம். வயிற்றுப்பாட்டுக்குச் செய்வதெல்லாம் சட்டப் புத்தகத்தில் ஏறிய காலம்.

அதில் உப்புக்கு மட்டும் விடிவு வந்தது. 1930-இல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பள்ளிச் சிறை போனார். அடுத்த ஆண்டு மார்ச் 5-ஆம் தேதி காந்தி – இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதில் ஒரு பிரிவு சேர்ந்தது. உப்பு விளையும் இடங்களை ஒட்டிய ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுக்கும், தங்கள் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுத்துக்கொள்ளலாம். வெளியூர் வாணிபம் கூடாது. சட்டத்தை ரத்து செய்யாமலே, ஏழையின் சின்னக் குற்றத்தை மட்டும் குற்றக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டார்கள். சுதந்திரப் போராட்ட வரலாறு எழுதுகிறவர்கள் இந்தப் பிரிவை ஒரு வரியில் தாண்டிப் போவது வழக்கம். நம் தொடருக்கு அது தண்டி நடைப்பயணத்தைவிட முக்கியம்.

சாராயத்துக்கு நேர்மாறான விதி. அதற்கு முன் கொஞ்சம் பாஸ்டன் போய் வரலாம்.

1841 ஆகஸ்ட். பாஸ்டன் நகரக் காவல் நீதிமன்றத்தில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தொழிலாளி உட்கார்ந்திருந்தார். குடித்துவிட்டு விழுந்துகிடந்த ஒருவனைக் கொண்டுவந்தார்கள். சிறைக்குப் போக வேண்டிய ஆள். இனி குடிக்கமாட்டேன், காப்பாற்றுங்கள் என்று அவன் கெஞ்ச, அகஸ்டஸ் எழுந்து ஜாமீன் நின்றார். மூன்று வாரம் கழித்து அவனைத் திரும்பக் கூட்டி வந்தபோது நீதிபதிக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. ஒரு சென்ட் அபராதமும் செலவுத் தொகையும் கட்டச் சொல்லி விட்டுவிட்டார். 1859-இல் சாகும்வரை அகஸ்டஸ் ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கு இப்படி நின்றார். அவரை நீதிமன்றச் சேவகர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஆளைச் சிறைக்கு ஒப்படைத்தால் அவர்களுக்குச் சில்லறை கிடைக்கும். அகஸ்டஸ் அதில் மண்ணைப் போட்டார்.

இங்கிலாந்திலும் கதை குடியில்தான் தொடங்குகிறது. 1876-இல் மதுவிலக்குப் பிரசாரம் செய்த கிறிஸ்தவச் சங்கமொன்று லண்டன் காவல் நீதிமன்றங்களுக்குத் தன் ஆள்களை அனுப்பியது. குடிகாரர்களுக்காக நீதிபதியிடம் பேசினார்கள், வேலை தேடித் தந்தார்கள். 1907-இல் அந்த வேலையைச் சட்டமே எடுத்துக்கொண்டது. இன்று உலகம் முழுக்க நன்னடத்தை அலுவலர் என்று ஒரு உத்தியோகம் இருப்பதற்குக் காரணம் குடித்து விழுந்தவர்கள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 562-ஆம் பிரிவில் சின்னச் சன்னல் ஒன்றைத் திறந்தது. முதல்முறை தவறியவர், சிறு திருட்டு போன்ற குற்றம் என்றால் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். ஆனால் விட்ட பிறகு அவரைக் கவனிக்க ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்க சென்னை மாகாணம் தனிச் சட்டம் செய்தது. சென்னைக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1936. புத்தகத்தில் ஏறியது 1937-ஆம் ஆண்டின் மூன்றாம் எண் சட்டமாக. நீதிக்கட்சி ஆட்சியின் கடைசிக் காலம். நாட்டிலேயே இப்படிச் சட்டம் செய்த முதல் மாகாணங்களில் ஒன்று சென்னை. பம்பாயும் ஐக்கிய மாகாணமும் 1938-இல்தான் வந்தன. அலுவலர் ஒருவர் வீட்டுக்குப் போவார், வேலை கிடைத்ததா என்று பார்ப்பார், கோர்ட்டுக்கு எழுதுவார்.

அதே 1937 ஜூலையில் ராஜாஜி மாகாணப் பிரதமரானார். அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. சென்னை மதுவிலக்குச் சட்டம், அதே ஆண்டின் பத்தாம் எண்.

மூன்றாம் எண்ணும் பத்தாம் எண்ணும் ஒரே ஆண்டின் புத்தகத்தில் சில பக்கங்கள் இடைவெளியில் இருக்கின்றன. ஒன்று சின்னக் குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் இருக்க வழி செய்கிறது. மற்றது ஒரே நாளில் புதிதாகச் சின்னக் குற்றவாளிகளை உண்டாக்குகிறது. விற்பவன், காய்ச்சுபவன் மட்டுமல்ல, குடிப்பவனும் குற்றவாளியானான். இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தால் பாஸ்டன் செருப்புத் தொழிலாளி செய்ததைச் சேலத்தில் அரசே செய்திருக்கலாம். யாரும் தைக்கவில்லை.

இதில் ராஜாஜியின் மீது எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். 1921 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் வேலூர்ச் சிறையில் இருந்து நாட்குறிப்பு எழுதியவர். சிறை என்ன செய்யும், என்ன செய்யாது என்று அறிந்தவர். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையம் ஆசிரமத்தில் குடிகாரர்களைப் பேசியே திருத்தப் பார்த்தார்; அதற்காகவே ‘விமோசனம்’ என்று பத்திரிகை நடத்தினார், கல்கி அதில் உதவியாசிரியர். ஆட்சிக்கு வந்த பிறகும் சேலத்தில் பஜனை, விளையாட்டு, டீக்கடை என்று மாற்று ஏற்பாடுகள் நடக்கத்தான் செய்தன. ஆனால் அந்த ஏற்பாடுகள் பிடிபடாதவர்களுக்கு. பிடிபட்டவனுக்கு லாக்கப்பும் அபராதமும்.

அதற்குப் பிறகு மதுவிலக்கு வந்ததும் போனதும் வாசகர்களுக்குத் தெரிந்த கதை. 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுக்க. 1971-இல் கருணாநிதி தளர்த்தினார், 1974-இல் அவரே திரும்பக் கொண்டுவந்தார். 1981-இல் எம்.ஜி.ஆர் திறந்தார், 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது, 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது. சாராயக்கடை ஒழிந்தது, பிராந்திக்கடை நிலைத்தது. பாண்டிச்சேரியிலோ சட்டப்படியே சாராயக்கடை நடந்துகொண்டிருந்தது. அந்த எல்லைக்கு அருகே இருக்கும் மரக்காணம் வட்டாரத்தில் ‘பாண்டி சரக்கு’ கடத்துவது ஒரு உபதொழிலாகவே வேரூன்றியது. பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான்.

இந்த வருகை போகைகளுக்கு நடுவே 1982-இல் வந்தது 14-ஆம் எண் சட்டம். நாம் குண்டர் சட்டம் என்று சொன்னாலும் அதன் முழுப்பெயரில் குண்டர்களுக்கு முன்பாக, முதல் ஆளாக வருகிறவர் கள்ளச்சாராயக்காரர். வழக்கு நடத்தித் தீர்ப்பு வாங்க வேண்டியதில்லை. கலெக்டரோ கமிஷனரோ ஆணையிட்டால் பன்னிரண்டு மாதம். குற்றத் தீர்ப்பு இல்லாமல் வேறு வழியில் விவகாரத்தை முடிப்பதைத்தான் உலகம் மாற்றுவழி என்கிறது. நாம் அதற்கும் ஒரு பதிப்பு வைத்திருக்கிறோம், தலைகீழாக.

நன்னடத்தைச் சட்டத்துக்கு வருவோம். 1958-இல் நாடாளுமன்றம் செய்த பொதுச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவு: முன்பு தண்டனை பெறாதவர், சிறு திருட்டு, ஏமாற்று, அல்லது இரண்டாண்டுக்கு மேற்படாத தண்டனைக்குரிய எந்தக் குற்றமும் என்றால் கண்டித்து விட்டுவிடலாம். 4-ஆம் பிரிவு: மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரியவை தவிர மற்றவற்றில், மூன்றாண்டுவரை நன்னடத்தைக்கு எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். 5: பாதிக்கப்பட்டவருக்கு ஈட்டுத்தொகை. 6: இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்புவதென்றால் நீதிபதி அதற்குக் காரணம் எழுதியாக வேண்டும், அதற்கு முன் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்டாக வேண்டும். 12: இப்படி விடப்பட்டவருக்குத் தண்டனை பெற்றவர் என்ற தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது.

எத்தனை நீதிமன்றங்கள் இதை எடுத்துப் பார்க்கின்றன? 1964-இல் ரத்தன்லால் வழக்கில் பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்காக நீதிபதி சுப்பா ராவ் இந்தச் சட்டத்தின் நோக்கத்தை விரிவாக எழுதினார். 1980-இல் வேத் பிரகாஷ் வழக்கில் வி.ஆர். கிருஷ்ணய்யர், கீழ்க்கோர்ட்டுகளும் வக்கீல்களும் இந்தச் சட்டத்தைக் கண்டுகொள்வதே இல்லை என்று குறைப்பட்டார். கிருஷ்ணய்யர் மலபாரில், அதாவது நம் பழைய சென்னை மாகாணத்தில், வக்கீலாக இருந்தவர். 1957-இல் கேரள அமைச்சராகச் சிறைத் துறையையும் பார்த்தவர். சட்டம் வந்து இருபத்திரண்டு ஆண்டுக்குப் பிறகு உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் இப்படி நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லிவிடும்.

காரணம் ஒன்றும் மர்மமல்ல. சின்ன மதுவிலக்குக் கேஸில் பிடிபட்டவருக்குக் கோர்ட்டில் வேகமாக முடிய வேண்டும். ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் மதியமே வீடு. நன்னடத்தை அறிக்கை என்றால் வாய்தா, அலைச்சல், கூலி போகும் நாள்கள். அபராதம் கட்டிய பணத்தை எடுக்க மறுபடி நாலு பாக்கெட் விற்க வேண்டும். அடுத்த முறை பிடிபடும்போது அவர் முதல்முறை குற்றவாளி இல்லை, முன்தண்டனை உள்ளவர். சன்னல் மூடிவிட்டது. நாலைந்து கேஸ் சேர்ந்தால் குண்டாஸுக்கு ஃபைல் தயார். வசதிக்காகச் சொன்ன ஒரு ‘ஒத்துக்கறேன் ஐயா’ மீதி வாழ்க்கைக்கு விலையாகிவிடுகிறது.

குப்பத்துச் சண்டை கேஸ்கள் அப்படியில்லை. அடிதடி, திட்டியது, காயம் என்றால் ராஜி ஆகிவிடும். சட்டமே அதற்கு இடம் தருகிறது, லோக் அதாலத்தும் இருக்கிறது. சாராயக் கேஸில் எதிரே நிற்பது அண்டை வீட்டுக்காரர் இல்லை, அரசாங்கம். ராஜி பேச ஆள் கிடையாது.

இலங்கையில் 1988-ஆம் ஆண்டின் 72-ஆம் எண் மத்தியஸ்த சபைகள் சட்டம் சின்னக் குற்றங்கள் பலவற்றை நீதிமன்றத்துக்கு முன்பே ஊர்ச் சபைக்குத் திருப்பிவிடுகிறது. சமரசம் ஆகவில்லை என்று சபை சான்று தந்தால்தான் வழக்கு மேலே போகும். குற்றஞ்சாட்டப்பட்டவர் என்ற பெயரே ஏறாமல் முடிகிறது. நம்மிடம் வயதுவந்தவருக்கு அப்படி ஒரு படி இல்லை. நன்னடத்தைச் சட்டம்கூடக் குற்றம் நிரூபணமான பிறகுதான் வேலை செய்யும். இது சின்ன வேறுபாடில்லை. தமிழ்நாடு காவலர் பணி விதிகளில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலையானவர்கூட ‘குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவர்’ என்றே எண்ணப்படுவார். கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன் கான்ஸ்டபிள் தேர்வு எழுதிப் பாஸ் செய்தாலும், பதினெட்டு வயதில் யாரோ கொடுத்த பையைத் தூக்கிப்போன கேஸ் சரிபார்ப்பில் வந்து நிற்கும்.

குழந்தைகளுக்கு மட்டும் சட்டம் தெளிவாகப் பேசியிருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இயன்றவரை நீதிமன்ற நடவடிக்கைக்குப் போகாமலே பிள்ளையின் விவகாரத்தைத் தீர்க்க வேண்டும் என்பதை அடிப்படை நெறிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. பிள்ளை செய்த சிறு குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கையே போடக்கூடாது, நாட்குறிப்பில் எழுதினால் போதும் என்கின்றன விதிகள். அதே சட்டம், பிள்ளையின் கையில் சாராயத்தைக் கொடுத்து விற்கவோ சுமக்கவோ வைக்கும் பெரியவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்கிறது. யாரை விட வேண்டும், யாரைப் பிடிக்க வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த சட்டம். பதினெட்டு முடிந்த மறுநாள் இந்தப் பிரிப்பு எங்கே போகிறதோ!

நன்னடத்தைச் சட்டப் பிணையோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறொரு பிணை உண்டு. ‘இனி ஒழுங்காக இருப்பேன்’ என்று நிர்வாக மாஜிஸ்டிரேட் முன்பு எழுதிக் கொடுப்பது. இது வழக்குக்கு மாற்று அல்ல, வழக்கோடு வந்து சேரும் இன்னொரு கயிறு. சென்னை நகரில் போலீஸ் துணை ஆணையர்களே அந்த மாஜிஸ்டிரேட் வேலையையும் பார்த்தார்கள். பிடிப்பவரும் அவரே, பிணை முறிந்தது என்று உள்ளே அனுப்புபவரும் அவரே. அந்த அதிகாரத்தைத் தந்த அரசாணைகளை 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

இனி மாட்டுக்கு வருவோம். மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறைக்கு ஒரு மறுவாழ்வுத் திட்டம் பல ஆண்டுகளாக இருக்கிறது. கள்ளச்சாராயத் தொழிலை விட்டு மனம் திருந்தியவர்களுக்குக் கறவை மாடோ ஆடோ வாங்க, பெட்டிக்கடை வைக்க உதவித்தொகை. கலெக்டர் அலுவலகம் பயனாளியைத் தேர்ந்தெடுக்கும். விழா நடத்திக் கொடுக்கும். மறுநாள் பேப்பரில் படம் வரும். யோசனை நல்ல யோசனைதான். பாக்கெட் விற்கும் விதவைக்கோ, படகில் போக உடம்பு ஒத்துழைக்காதவருக்கோ மாற்று வருமானம் இல்லாமல் எந்த அறிவுரையும் வேகாது.

ஆனால் அந்தத் திட்டத்துக்குக் கோர்ட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு பக்கம் மாடு வாங்கிய பெண்ணின்மீது மறுபக்கம் பழைய கேஸ் ஓடிக்கொண்டே இருக்கலாம். மாஜிஸ்டிரேட்டுக்கு விடுவிக்கும் அதிகாரம் இருக்கிறது. விடுவித்தவரை நிறுத்த ஒரு பிழைப்பு அவர் கையில் இல்லை. கலெக்டரிடம் பிழைப்பு இருக்கிறது. கேஸை முடிக்கும் அதிகாரம் இல்லை. நன்னடத்தை அலுவலரோ சிறைத் துறையில். குடிநோய்க்கு வைத்தியம் சுகாதாரத் துறையில். வலை பின்னத் தெரிந்த ஊரில் இப்படித் தனித்தனி நூலாகத் தொங்கவிட்டு மீன் பிடிக்கச் சொன்னால் சிரிப்பார்கள்.

எக்கியார்குப்பத்துக்குப் பின் இந்த நூல்களைக் கோப்பதற்கு நல்ல சந்தர்ப்பம் இருந்தது. நடந்தது வேறு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மறுபடி மெத்தனால். இம்முறை அறுபதுக்கும் மேல் சாவு. முதன்மையாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் மீது முன்பே பல மதுவிலக்குக் கேஸ்கள் இருந்தன. கேஸ் மேல் கேஸ் போடுவது சாராயத்தை நிறுத்தும் என்ற நம்பிக்கைக்கு அதைவிட வெளிப்படையான மறுப்பு வேண்டுமா? அரசு சில நாள்களிலேயே அந்த 1937-ஆம் ஆண்டுப் பத்தாம் எண் சட்டத்தைத் திருத்தியது. சாவு நேர்ந்தால் ஆயுள் தண்டனை, பத்து லட்சத்துக்குக் குறையாத அபராதம்.

மெத்தனால் வியாபாரிக்கு அந்தத் தண்டனை தகும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆலையிலிருந்து விஷத்தைப் பேரல் பேரலாக வெளியே கொண்டுவந்தவனை நன்னடத்தைக்கு எழுதி வாங்கி விடச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் திருத்தம் தண்டனைப் பக்கத்தை மட்டுமே கனமாக்கியது. கீழ்ப்படியில் பாக்கெட் விற்பவரை முதல் கேஸிலேயே பிடித்து வேறு திசைக்குத் திருப்புவதற்கு அதில் வலு சேரவில்லை. மூன்றாம் எண் சட்டத்தின் வாரிசு அப்போதும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அதே 2024 ஜூலை 1-ஆம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தால் 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருபத்துநாலு மணி நேரச் சிறை, அல்லது பத்து ரூபாய் அபராதம். இப்போது அபராதம் ஆயிரம் ரூபாய். கூடவே புதிதாக, சமூக சேவை. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டுக்கும், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை. பாராட்டலாம், கொஞ்சமாக. சமூக சேவையும் தண்டனைதான், குற்றத் தீர்ப்பு அப்படியே நிற்கும். எந்த வேலை, யார் மேற்பார்வை, எத்தனை மணி நேரம் என்பதைச் சட்டம் வகுக்கவில்லை. மருத்துவமனையில் வார்டு வேலை செய்யச் சொல்வதும் தெருவைப் பெருக்கச் சொல்லிப் படம் எடுப்பதும் ஒன்றல்ல.

இத்தனை சட்டம் படித்த பிறகு வாசகருக்குப் பயன்படும்படி ஒன்று சொல்லி முடிக்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் முதல்முறையாகச் சின்னக் கேஸில் மாட்டினால், “ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு” என்று சொல்பவரின் பேச்சைக் கேட்பதற்கு முன், குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 3, 4-ஆம் பிரிவுகளின்படி மனுப் போட முடியுமா என்று வக்கீலைக் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆள் தருவார்கள். இருபத்தொரு வயது நிரம்பாதவர் என்றால் அலுவலர் அறிக்கை கேட்காமல் அவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. பழைய நடைமுறைச் சட்டம் போய்விட்டது, ஆனால் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் போகவில்லை.

(அடுத்த இதழில்: 1887-இல் தொடங்கிய செங்கல்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி)